எகிப்தியருக்குக் கணக்கு எதற்கு? பிரமிடைவிட ரொட்டிக்கும் பீருக்கும்தான் அதிகம்

பண்டைய எகிப்தில் கணிதம் என்ன வேலை செய்தது, பிரமிடு கட்டுவதற்காகத்தான் அதை வளர்த்தார்களா என்பது கேள்வி. பிரமிடுக்கும் கணக்கு தேவைப்பட்டது, உண்மைதான். ஆனால் இன்று நம் கையில் இருக்கும் எகிப்தியக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை தானியம், ரொட்டி, பீர், வயல், கூலியாள் பற்றியவை. காரணம் எளிது. பார்வோன்கள் என்ற எகிப்திய அரசர்கள் ஆண்ட காலத்தின் மிகப் பெரும்பகுதியில் அங்கே நாணயம் புழக்கத்தில் இல்லை. அரசு வரியைத் தானியமாக வாங்கியது. கல் வெட்டுபவனுக்கும் கோயில் பூசாரிக்கும் படைவீரனுக்கும் தானியமாகவும் ரொட்டியாகவும் படியளந்தது. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இடையில் காணாமல் போனது எவ்வளவு என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எழுத்தர். எகிப்தியக் கணிதம் அவருடைய தொழிற்கருவி. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கணித வரலாற்றுப் புத்தகங்களில் விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்கள் பளிச்சென்று விளங்கும்.

நமக்குக் கிடைத்திருக்கும் கணிதச் சுவடிகள் மிகக் குறைவு. முதன்மையானது ரைண்ட் பாப்பிரஸ் (பாப்பிரஸ் என்பது நாணலில் செய்த எழுதுசுருள்). அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1858-இல் எகிப்தின் லக்சரில் விலைக்கு வாங்கியது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 5 மீட்டர் நீளம், எண்பதுக்கு மேற்பட்ட கணக்குகள். ஆமோஸ் என்ற எழுத்தர் கி.மு. 1550 வாக்கில் படியெடுத்தார். மூலம் மூன்றாம் அமெனெம்ஹத் என்ற பார்வோன் காலத்தது, அதாவது இன்னும் முந்நூறு ஆண்டு பழையது என்று அவரே முகப்பில் எழுதியிருக்கிறார். அடுத்தது 25 கணக்குகள் கொண்ட மாஸ்கோ பாப்பிரஸ். இவை போக பெர்லின் சுவடி, லாஹுன் என்ற ஊரில் கிடைத்த துண்டுகள், பின்னக் கூட்டல்கள் எழுதிய ஒரு தோல் சுருள். இவை எல்லாம் பாடப் புத்தகங்கள். நிஜக் கணக்குப் பேரேடுகள் தனியாக இருக்கின்றன: அபுசிர் கோயில் ஏடுகள், ரைஸ்னர் பாப்பிரஸ்கள், டெய்ர் எல்-மெதினா என்ற தொழிலாளர் ஊரின் எழுத்துள்ள ஓட்டுச் சில்லுகள், வில்பர் பாப்பிரஸ். இரண்டு வகையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

முதலில் கணக்குப் போடும் முறை. எண்கள் பத்தடிமானம்தான், ஆனால் இடமதிப்பு கிடையாது. ஒன்றுக்கு ஒரு கோடு, நூறுக்குக் கயிற்றுச் சுருள், ஆயிரத்துக்குத் தாமரை, பத்தாயிரத்துக்கு விரல், லட்சத்துக்குத் தலைப்பிரட்டை, பத்து லட்சத்துக்குக் கைகளை உயர்த்திய தெய்வம். கோயில் சுவரில் இப்படி. அன்றாட வேலையில் எழுத்தர் பயன்படுத்தியது ஹைராட்டிக் என்ற வேக எழுத்து. அதில் 1 முதல் 9 வரை, 10 முதல் 90 வரை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு என்பதால் எண்கள் நீளவில்லை.

பெருக்கலுக்கு வாய்ப்பாடு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரட்டிக்கத் தெரிந்தால் போதும். 13 ஆட்களுக்குத் தலைக்கு 24 ரொட்டி என்றால்:

1 — 24
2 — 48
4 — 96
8 — 192

இடப்பக்கத்தில் 1, 4, 8 சேர்ந்தால் 13. அவற்றுக்கு நேரே உள்ள 24, 96, 192-ஐக் கூட்டினால் 312. வகுத்தலும் இதே அட்டவணைதான், தலைகீழாக. 19-ஐ 8-ஆல் வகுக்க, 8-ஐ இரட்டித்தும் பாதியாக்கியும் 19 வருமாறு பொறுக்க வேண்டும்: இருமடங்கு 16, கால் பங்கு 2, அரைக்கால் பங்கு 1, கூட்டினால் 19. விடை 2 1/4 1/8. இரண்டே காலே அரைக்கால் என்று நம் பழைய கணக்கில் சொல்வதுபோலவே அவர்களும் பின்னங்களை வரிசையாக அடுக்கித்தான் எழுதினார்கள். கூட்டல் குறி கிடையாது.

இந்த அடுக்குதான் பலரையும் குழப்புவது. எகிப்தியர் 2/3 ஒன்றைத் தவிர (3/4 அபூர்வமாக வரும்) எல்லாப் பின்னங்களையும் மேலே 1 உள்ள பின்னங்களாகவே எழுதினார்கள். ஒரே பின்னத்தை இரண்டு முறை எழுதுவதும் இல்லை. 2/5 என்பதை 1/5 1/5 என்று எழுத மாட்டார்கள். 1/3 1/15 என்பார்கள். 2/7 என்றால் 1/4 1/28. 2/13 என்றால் 1/8 1/52 1/104. பெருக்கல் முழுவதும் இரட்டிப்பில் நடப்பதால், கீழே ஒற்றைப்படை எண் உள்ள பின்னம் ஒன்று வந்தவுடன் "இதன் இருமடங்கு என்ன?" என்ற கேள்வி எழும். அதற்காகவே ரைண்ட் பாப்பிரஸின் தொடக்கத்தில் 2/3 முதல் 2/101 வரை ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. எழுத்தருக்கு இதுதான் நிஜமான வாய்ப்பாடு. இது இல்லாமல் பெருக்கல் பாதியில் நின்றுவிடும்.

"இவ்வளவு சிரமம் எதற்கு, 7/10 என்று எழுதிவிட்டுப் போகலாமே" என்று தோன்றும். ரொட்டியைப் பங்கிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். ரைண்ட் சுவடியின் முதல் ஆறு கணக்குகளும் 10 பேருக்கு ரொட்டி பிரிப்பதுதான். 9 ரொட்டியை 10 பேருக்குப் பிரிக்க நம் முறையில் ஒவ்வொரு ரொட்டியிலும் பத்தில் ஒரு துண்டை நறுக்கி எடுத்துவிடுவோம். ஒன்பது பேருக்குப் பெரிய துண்டு ஒவ்வொன்று. பத்தாவது ஆளுக்கு ஒன்பது சின்னத் துணுக்குகள். கணக்கு சரி, ஆனால் பத்தாவது ஆள் சண்டைக்கு வருவான். ஆமோஸ் தரும் விடை 2/3 1/5 1/30. அதாவது தலைக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தால் 6 2/3 ரொட்டி செலவாகும். மீதி 2 1/3. அதில் இரண்டு ரொட்டியை ஐந்தைந்தாக வெட்டினால் பத்துத் துண்டு, தலைக்கு ஒன்று. கடைசியில் எஞ்சும் மூன்றில் ஒரு பங்கைப் பத்தாக வெட்டினால் தலைக்கு 1/30. முதல் படியில் மட்டும் சிலருக்கு ஒரே துண்டாகவும் சிலருக்கு இரண்டு மூன்றிலொன்றுகளாகவும் போகும். மற்றபடி எல்லார் தட்டிலும் ஒரே பங்கு, கண்ணால் பார்த்தே ஒப்பிடலாம். இன்னொரு வசதியும் உண்டு: முதல் பின்னம் பெரியது, அடுத்தடுத்தவை சிறியவை. பெரியதை வைத்துக்கொண்டு கடைசியை விட்டுவிட்டால் நல்ல தோராயம் தானாகக் கிடைத்துவிடும்.

தோராயம் நடைமுறையில் எப்படி விளையாடும் என்பதற்கு லாஹுன் கோயில் ஏடு ஒன்று நல்ல சாட்சி. அங்கே ஒரு நாள் வரவில் 70 ரொட்டியும் இரண்டு வகை பீர் சாடிகளும் ஊழியர்களுக்குப் பிரிக்கப்படுகின்றன. எல்லாருக்கும் சமம் இல்லை. கோயில் தலைவருக்கு 10 பங்கு, கீழே இருப்பவர்களுக்கு ஒரு பங்கிலும் ஒரு பகுதி. மொத்தம் 41 2/3 பங்கு. 70-ஐ 41 2/3-ஆல் வகுத்தால் 1.68 வரும். எழுத்தர் 1 2/3 என்று வைத்துக்கொண்டு, தலைவருக்கு 16 2/3 ரொட்டி என்று எழுதிவிட்டார். எல்லாரும் வாங்கிப் போன பிறகு ஏறத்தாழ அரை ரொட்டி மிஞ்சும். ஒரு நாளைக்கு அரை ரொட்டி யாரையும் உறுத்தாது. ஆனால் மாதக் கணக்கில் அது எங்கே போயிற்று என்பது வேறு கேள்வி.

பதவிக்கேற்ற பங்கு பாடப் புத்தகத்திலும் வருகிறது. ரைண்டின் 65-ஆம் கணக்கு: 100 ரொட்டி, 10 ஆட்கள், அதில் படகோட்டி, மேஸ்திரி, வாயிற்காவலன் மூவருக்கும் இரட்டைப் பங்கு. இரட்டைப் பங்காளிகளை இரண்டு பேராக எண்ணி 13 பங்கு என்று எடுத்துக்கொள். 100-ஐ 13-ஆல் வகு. 7 2/3 1/39. மற்ற மூவருக்கு அதன் இருமடங்கு, 15 1/3 1/26 1/78. எகிப்தியச் சமூகத்தின் படிநிலையை எழுத்தர் வேலைக்குப் போகும் பையன் கணக்கு வழியாகவே கற்றுக்கொண்டான் என்று இதைப் பார்க்கும்போது தோன்றும்.

இதற்குமேல் எகிப்துக்கே உரிய ஓர் அளவு இருக்கிறது: பெஃப்சு. ஒரு ஹெகட் தானியத்திலிருந்து எத்தனை ரொட்டி அல்லது எத்தனை சாடி பீர் எடுக்கப்பட்டது என்பதுதான் பெஃப்சு. ஹெகட் என்பது தானியம் அளக்கும் முகத்தல் அளவு, கிட்டத்தட்ட 4.8 லிட்டர். ஒரு ஹெகட்டில் 10 ரொட்டி சுட்டால் பெஃப்சு 10. 45 சுட்டால் பெஃப்சு 45, ரொட்டி சின்னது. பீருக்கும் அப்படியே: பெஃப்சு 2 என்றால் கனமான பீர், 4 என்றால் தண்ணீர் கூடியது. எண் கூடக் கூடத் தரம் குறையும் என்பதை மட்டும் தலைகீழாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்; இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவார்கள்.

நாணயம் இல்லாத ஊரில் இந்த எண்ணின் மதிப்பைக் கவனியுங்கள். ரைண்டின் 78-ஆம் கணக்கு: பெஃப்சு 10 உள்ள 100 ரொட்டியைக் கொடுத்து பெஃப்சு 2 உள்ள பீர் வாங்க வேண்டும், எத்தனை சாடி? ரொட்டியைத் தானியமாக மாற்று: 100-ஐ 10-ஆல் வகுத்தால் 10 ஹெகட். தானியத்தைப் பீராக மாற்று: 10-ஐ 2-ஆல் பெருக்கினால் 20 சாடி. தானியம்தான் பொது மதிப்பு; ரொட்டியும் பீரும் அதன் வேறு வேறு உருவங்கள். பெஃப்சு 20 உள்ள 155 ரொட்டிக்கு பெஃப்சு 30 ரொட்டி எத்தனை என்றால் 232 1/2. அரை ரொட்டியைக்கூட விடுவதில்லை.

அதே எண் தணிக்கைக்கும் உதவும். களஞ்சியத்திலிருந்து அடுமனைக்கு 3 1/2 ஹெகட் மாவு போனது, 80 ரொட்டி வந்தது என்றால் பெஃப்சு 22 2/3 1/7 1/21. இது ரைண்டின் 69-ஆம் கணக்கு. பேரேட்டில் பெஃப்சு 20 என்று எழுதிவிட்டு, கையில் 22-க்கும் மேல் வரும் ரொட்டியைத் தந்தால், ரொட்டி இளைத்திருக்கிறது, மாவு யாரோ வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கை மட்டும் சரிபார்ப்பவரை ஏமாற்றுவது சுலபம். பெஃப்சு பார்ப்பவரை ஏமாற்றுவது கடினம். எகிப்தியக் கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான், பிரமிடு கணக்குகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

தானியத்தைக் கீழ்நிலையில் அளக்க ஹெகட்டை அரை, கால், அரைக்கால் என 1/64 வரை பாதி பாதியாகப் பிரித்தார்கள். அதற்கும் கீழே ரோ: ஒரு ஹெகட்டில் 320 ரோ, 1/64 ஹெகட்டுக்கு 5 ரோ. ஒரு ரோ ஏறத்தாழ 15 மில்லி, ஒரு மேசைக்கரண்டி. இந்த 1/2 முதல் 1/64 வரையிலான குறிகள் ஹோரஸ் தெய்வத்தின் கண்ணின் பாகங்கள் என்று இணையம் முழுக்கப் படம் சுற்றுகிறது. பழைய ஹைராட்டிக் குறிகளில் கண்ணும் இல்லை, புருவமும் இல்லை. அந்தத் தொடர்பை இன்று பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

அளவைக் கருவியிலேயே மோசடி நடந்தால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. இந்தப் பயம் எகிப்திய இலக்கியம் முழுக்க இருக்கிறது. இறந்தவர் நூலின் 125-ஆம் பகுதியில், செத்துப்போனவன் தெய்வங்களின் முன் நின்று தான் செய்யாத பாவங்களை அடுக்கும்போது, மரக்காலைக் குறைக்கவில்லை, நில அளவைக் குறைக்கவில்லை, தராசில் கை வைக்கவில்லை என்கிறான். அமெனெமோப்பேயின் அறிவுரை நூல் எல்லைக்கல்லை நகர்த்தாதே, எடைக்கல்லை மாற்றாதே, முகத்தல் அளவில் தில்லுமுல்லு செய்யாதே என்று தனித்தனி அதிகாரமே வைக்கிறது. ஹெக்கநக்த் என்ற நிலக்கிழார் 12-ஆம் வம்சத் தொடக்கத்தில் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. வெளியூரில் தனக்கு வர வேண்டிய தானியத்தை வாங்க ஆள் அனுப்பும்போது, அளக்க வேண்டிய அளவையையும் கூடவே கொடுத்தனுப்பியதாக எழுதுகிறார். கருப்புத் தோல் போட்ட அளவை என்று அடையாளமும் சொல்கிறார். கடன்காரனின் அளவையில் அளந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

படியளப்பு நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு டெய்ர் எல்-மெதினா. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்தவர்களின் ஊர் இது. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 கார் எம்மர் கோதுமை, 1 1/2 கார் பார்லி. மேஸ்திரிக்கு 5 1/2 காரும் 2 காரும். அந்தக் காலத்துக் கார் ஏறத்தாழ 77 லிட்டர். கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. பொருளுக்குப் பொருள் மாற்றும்போது டெபென் என்ற செப்பு எடையில் விலை பேசுவார்கள். 1 டெபென் சுமார் 91 கிராம். செம்பு கை மாறவே வேண்டியதில்லை. ஒரு கட்டில், இரண்டு கூடை, கொஞ்சம் எண்ணெய் என்று கூட்டி இருபக்கமும் டெபென் சமமானால் வியாபாரம் முடிந்தது. ஒரு கார் தானியம் சாதாரணக் காலத்தில் 2 டெபென் என்பதால் தொழிலாளியின் மாதக்கூலி 11 டெபென் என்று கணக்கு வருகிறது. மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் படியளப்பு தள்ளிப்போனது. "பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது" என்று வேலையை விட்டு வெளியேறி கோயில்களின் முன் உட்கார்ந்துவிட்டார்கள். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வதுண்டு. நாளையும் நிலுவையையும் குறித்து வைத்தவர் ஓர் எழுத்தர்தான்.

இனி நிலம். ஆண்டுதோறும் நைல் பெருகி வயல்களை மூடும். வண்டல் படிந்து எல்லை அழியும். சில இடத்தில் கரை அரித்து நிலமே போய்விடும். நிலம் குறைந்தவனுக்கு வரியைக் குறைக்க அளந்து பார்த்தார்கள், அதிலிருந்துதான் வடிவியல் பிறந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். பிறப்புக் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் அளவை நடந்தது உண்மை. தீப்ஸ் நகரில் மெனா என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து விளைந்த வயலை அளக்கும் காட்சி இருக்கிறது, பக்கத்திலேயே எழுத்தர்கள். பயிர் நிற்கும்போதே அளந்தால் அறுவடைக்கு முன்பே வரி எவ்வளவு என்று நிர்ணயித்துவிடலாம்.

அளவைக் கயிறு 100 முழம், அதற்குக் கெட் என்று பெயர். ஒரு கெட் பக்கமுள்ள சதுரம் ஒரு செட்டாட், நம் கணக்கில் முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அரச முழம் 52 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். அதில் 7 உள்ளங்கை, ஓர் உள்ளங்கைக்கு 4 விரல், ஆக 28 விரல்.

நாற்கோண வயலுக்கு எட்ஃபு கோயில் சுவரில் உள்ள நிலதானக் கல்வெட்டு பயன்படுத்தும் வழி: எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடு, இரண்டு சராசரிகளையும் பெருக்கு. இது பிற்காலம், டாலமிகள் என்ற கிரேக்க வம்சத்தின் ஆட்சி. செவ்வகமாக இருந்தால் மிகச் சரி. கோணம் சாய்ந்தால் விடை எப்போதும் உண்மையைவிடக் கூடத்தான் வரும், ஒருபோதும் குறையாது. நான்கு பக்கமும் 10 உள்ள வயல் என்றால் இந்த முறை 100 என்று சொல்லும். அதே வயல் 60 பாகைக்குச் சாய்ந்திருந்தால் உண்மைப் பரப்பு 87-க்கும் கீழே. முக்கோணத்துக்கும் இதே முறைதான், நான்காவது பக்கம் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுவார்கள். அடி 4, பக்கம் 10, 10 என்றால் விடை 20, உண்மை 19.6. ஒல்லியான வயலுக்குப் பிழை அற்பம், அகன்று சாய்ந்த வயலுக்குப் பெரிது. இந்த முறையில் வரி போட்டால் பிழை எப்போதும் வாங்குபவர் பக்கமே சாயும். நான்கு பக்கத்தையும் கயிற்றால் அளந்தால் போதும், செங்குத்து உயரம் தேட வேண்டாம் என்ற வசதிக்காகத்தான் இதைக் கைவிடவில்லை என்பது என் கருத்து.

நில அளவையும் வரிக் கணக்கும் எந்த அளவுக்கு நுணுக்கமாகப் போயின என்று பார்க்க ஐந்தாம் ராம்செஸ் காலத்து வில்பர் பாப்பிரஸ் போதும். 10 மீட்டர் நீளச் சுருள். நடு எகிப்தின் வயல்கள் ஒவ்வொன்றாக, யாருடைய பிடியில், எத்தனை செட்டாட், எவ்வளவு தானியம் என்று. இப்போது புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

விளைந்ததைக் கொட்டிவைக்க உருளை வடிவக் களஞ்சியம், அதற்கு வட்டத்தின் பரப்பு வேண்டும். எகிப்திய விதி: விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, மீதியை அதனாலேயே பெருக்கு. விட்டம் 9 என்றால் 8 பெருக்கல் 8, 64. உண்மை 63.6. பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நம் பை (π) மதிப்பில் சொன்னால் 3.16. ரைண்டின் 41-ஆம் கணக்கு இதை முழுதாகச் செய்து காட்டுகிறது: விட்டம் 9 முழம், உயரம் 10 முழம், 64-ஐ 10-ஆல் பெருக்கு, 640 கன முழம், அதன் பாதியைக் கூட்டு, 960 கார். ரைண்ட் சுவடியின் காலத்துக் காரில் 20 ஹெகட் (டெய்ர் எல்-மெதினாவின் கார் இதைவிடச் சிறியது), ஆக 19,200 ஹெகட் தானியம் பிடிக்கும். கன முழத்தோடு அதன் பாதியைக் கூட்டினால் கார் என்பது எழுத்தருக்குக் கைவந்த சுருக்கவழி. முகத்தல், நீட்டல் அளவுகளை இப்படி ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்ததால்தான் களஞ்சியத்தைக் காலி செய்து அளக்காமலேயே இருப்பைச் சொல்ல முடிந்தது.

கட்டுமானத்துக்கு வருவோம். பிரமிடின் சரிவைக் கோணமாக அளக்கவில்லை. ஒரு முழம் மேலே ஏறினால் பக்கவாட்டில் எத்தனை உள்ளங்கை உள்ளே போக வேண்டும் என்பதே அளவு, பெயர் செகெத். கொத்தனுக்குக் கையில் வைத்துப் பார்க்கக்கூடியது. அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம் என்றால், 360-இல் பாதி 180. அதை 250-ஆல் வகுத்தால் 1/2 1/5 1/50 முழம். முழத்துக்கு 7 உள்ளங்கை என்பதால் 7-ஆல் பெருக்கு, 5 1/25 உள்ளங்கை. இது ரைண்டின் 56-ஆம் கணக்கு. பாதியாக்க மறந்தாலோ, 7-ஆல் பெருக்க மறந்தாலோ மொத்தமும் போச்சு. ஒவ்வொரு கல் வரிசைக்கும் அதே செகெத்தை விடாமல் பிடிக்காவிட்டால் நான்கு முகமும் உச்சியில் ஒன்று சேராது.

கீசாவில் கூஃபுவின் பெரிய பிரமிடு அடி 440 முழம், உயரம் 280 முழம். செகெத் 5 உள்ளங்கை 2 விரல், அதாவது 5 1/2. இங்கேதான் "பிரமிடில் பை ஒளிந்திருக்கிறது" என்ற கதை கிளம்புகிறது: சுற்றளவு 1760-ஐ உயரத்தின் இருமடங்கான 560-ஆல் வகுத்தால் 22/7. ஆமாம், வரும். செகெத் 5 1/2 என்று எடுத்தாலே அந்த விகிதம் தானாக வந்துவிடும், எண்கள் அப்படி. பக்கத்திலேயே இருக்கும், கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடின் செகெத் 5 உள்ளங்கை 1 விரல். அதே கணக்கைப் போட்டால் சரியாக 3 வரும். மகன் பையை மறந்துவிட்டானா? வட்டத்துக்கு எகிப்தியரே எழுதி வைத்த மதிப்பு 22/7 அல்ல, மேலே சொன்ன 3.16 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிரபலக் கதை, 12 முடிச்சுக் கயிற்றை 3, 4, 5 என்று முக்கோணமாக இழுத்து எகிப்தியர் செங்கோணம் போட்டார்கள் என்பது. 19-ஆம் நூற்றாண்டில் மோரிட்ஸ் காண்டோர் என்ற ஜெர்மானியக் கணித வரலாற்றாசிரியர் முன்வைத்த ஊகம் அது. பார்வோன் காலச் சுவடி எதிலும் அப்படி ஒரு செய்முறை இல்லை. கயிறு இழுத்தது உண்மை, கோயில் அடிக்கல் சடங்கிலேயே கயிறு இழுப்பது உண்டு. 3-4-5 மட்டும் பிறகு ஒட்டியது. பெர்லின் சுவடியில் 100 சதுர முழத்தை இரண்டு சதுரங்களாகப் பிரித்து 8, 6 என்று விடை காணும் கணக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் முக்கோணமே கிடையாது. நுனி வெட்டிய பிரமிடின் கன அளவுக்கு மாஸ்கோ பாப்பிரஸ் தரும் வழியோ இன்றைய சூத்திரத்தோடு அச்சாகப் பொருந்துகிறது: கீழ்ப்பக்கம் 4, மேல்பக்கம் 2, உயரம் 6 என்றால், 4-இன் வர்க்கம் 16, 4 பெருக்கல் 2 ஆன 8, 2-இன் வர்க்கம் 4 மூன்றையும் கூட்டி 28, அதை உயரத்தின் மூன்றில் ஒரு பங்கான 2-ஆல் பெருக்கி 56. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதி வைக்கவில்லை. வியக்க வேண்டுமென்றால் இதற்கு வியக்கலாம்.

கட்டட வேலையில் உண்மையான தலைவலி ஆட்கணக்குதான். முதலாம் செனுஸ்ரெத் காலத்து ரைஸ்னர் பாப்பிரஸில் நீளம், அகலம், ஆழம், எண்ணிக்கை, கன அளவு, ஆட்கள் என்று பத்தி பத்தியாக அட்டவணை. தோண்டும் மண்ணின் கன அளவை 10-ஆல் வகுத்து எத்தனை ஆள்நாள் என்று போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கன முழம் என்பது வீதம். ஆட்கள் எண்ணிக்கை தெரிந்தால் படி எவ்வளவு என்று தெரியும். மறுபடியும் ரொட்டிக்கே வந்துவிடுகிறோம்.

நாள்காட்டியும் நிர்வாகத்துக்காகவே வெட்டித் தைத்தது: 30 நாள் வீதம் 12 மாதம், கடைசியில் 5 நாள். மாதம் எப்போதும் 30 என்பதால் கூலிக் கணக்கு சிக்கலில்லை. ரைண்டின் 66-ஆம் கணக்கு ஆண்டுக்கு 10 ஹெகட் கொழுப்பு என்றால் நாளைக்கு எவ்வளவு என்று கேட்கிறது: 3200 ரோவை 365-ஆல் வகுத்து 8 2/3 1/10 1/2190 ரோ. கடைசிப் பின்னத்தை எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாது, ஆனாலும் விடவில்லை. பாடப் புத்தகம் அல்லவா. கால் நாளைச் சேர்க்காததால் நாள்காட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தைவிட்டு நழுவியது. கி.மு. 238-இல் டாலமி ஆட்சியில் வந்த கனோபஸ் ஆணை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆறாவது நாள் சேர்க்கச் சொல்லியும் அது நிலைக்கவில்லை.

இதையெல்லாம் யார் கற்றார்கள் என்றால், ஒரு சிறு கூட்டம். எழுத்தர் பிள்ளைகளும் அரசுப் பணிக்கு எடுக்கப்பட்டவர்களும். பாடம் சொல்லும் முறை ஒன்றுதான்: கேள்வி, "இப்படிச் செய்" என்று படிப்படியாக, விடை, சில இடத்தில் சரிபார்ப்பு. பொது விதி என்று தனியாக எழுதுவதில்லை. தெரியாத எண்ணைக் காண்பதற்கு ஓர் ஊக எண்ணை வைத்துப் பார்ப்பார்கள். ஓர் எண்ணும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 என்றால், 7 என்று வைத்துக்கொள். 7-உம் 1-உம் 8. 19-ஐ 8-ஆல் வகுத்தால், முன்பு பார்த்தபடி, 2 1/4 1/8. அதை 7-ஆல் பெருக்கு, 16 1/2 1/8. ஏழில் ஒரு பங்கு பின்னமில்லாமல் வரவே 7-ஐ எடுத்தார்கள். எண்ணை மாற்றி அதே படிகளைச் செய்தால் எந்தக் கணக்கும் வரும் என்பது மாணவனுக்குத் தானாகப் பிடிபட வேண்டும்.

பிடிபடாதவர்களின் கதி 19-ஆம் வம்சத்துக் கேலிக் கடிதம் ஒன்றில் தெரிகிறது. முதலாம் அனஸ்தாசி பாப்பிரஸ் என்பார்கள். ஓர் எழுத்தர் இன்னோர் எழுத்தரைக் கிண்டலடிக்கிறார்: 730 முழ நீளம், 55 முழ அகலம், நாணலும் மரமும் நிரப்பிய 120 அறைகள், உச்சியில் 60 முழ உயரம் கொண்ட சாய்தளம் கட்ட வேண்டும், செங்கல் எத்தனை என்று கேட்கிறார்கள், உனக்குத் தெரியவில்லையே, சதுரத்தூண் இழுக்க எத்தனை ஆள் என்று கேட்கிறார்கள், அதுவும் தெரியவில்லையே, 5000 படைவீரர்களுக்கு வந்த உணவைப் பங்கிடு என்றால் முழிக்கிறாயே, சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டது, படை காத்திருக்கிறது என்கிறார்.

இந்தக் கணக்குமுறை பார்வோன்களோடு முடிந்துவிடவில்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் டெமோட்டிக் என்ற பிற்கால எகிப்திய எழுத்தில் எழுதிய சுவடியில் சுவரில் சாய்த்த கம்பம் கீழே நழுவும் கணக்குகள் வருகின்றன; பித்தாகரஸ் தேற்றம் அங்கேதான் எகிப்திய மண்ணில் தெளிவாகத் தலைகாட்டுகிறது, பாபிலோனியக் கைவண்ணத்தோடு. கிரேக்கம் ஆட்சி மொழியாகி, ரோமானியர் வந்து, பைசாந்தியர் வந்த பிறகும் எகிப்தின் வரிக் கணக்கர்கள் 2/3, 1/15, 1/30 என்றே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எகிப்தின் அக்மீமில் கிடைத்த கிரேக்கக் கணக்குச் சுவடி ஆமோஸுக்கு இரண்டாயிரம் ஆண்டு பிந்தியது; அதன் முன்பகுதியிலும் பின்ன அட்டவணைகள்தான்.